நூறு வோல்ட் கன்ட்ரோலரில் எத்தனை பேனல் மாட்டலாம்? வயரிங்குக்கு முன் போட வேண்டிய கணக்கு

சோலார் பேனல், பேட்டரிக்கு ஏறுவதைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரி மூன்றையும் வாங்கி வந்து வீட்டு மொட்டைமாடியிலோ தோட்டத்து மோட்டார் ரூம் மேலேயோ மாட்டப்போகிறவர்களுக்கான கட்டுரை இது. எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்தாலும் ஒருமுறை படித்துவிடுங்கள். வீட்டு வயரிங்கில் கைதேர்ந்தவர்கள்கூட சோலாரின் டிசி பக்கத்தில் தடுமாறுவது உண்டு.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பேனலின் வாட் கூடிப்போனால் நல்ல எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனலின் முழு வாட்டையும் எடுத்து, வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்ப மாற்றித் தரும் வகை) தன் அளவுக்கு மேல் எடுக்காமல் நின்றுகொள்ளும். மிச்சம் வீணாகும், பொருள் கெடாது. வோல்ட் கூடினால் கதை வேறு. உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட்டும் கபாசிட்டரும் ஒரு குறிப்பிட்ட வோல்ட்டுக்குத்தான் தாங்கும். அதை ஒரு நொடி தாண்டினாலும் சுட்டுப்போகலாம். "ஓவர் வோல்ட் வந்தா அதுவே கட் ஆயிரும்" என்று கடையில் சொல்வார்கள். கட் ஆவது சார்ஜிங் மட்டும்தான். பேனலின் வயர் கன்ட்ரோலரின் வாயில் மாட்டியபடியேதான் இருக்கும், வோல்ட் இறங்காது. சொல்லப்போனால் சார்ஜிங் நின்றால் வோல்ட் இன்னும் ஏறும்.

1. பேனலின் முதுகில் உள்ள லேபிளை எழுதிக்கொள்ளுங்கள்

பேனலை மாட்டிய பிறகு லேபிளைப் படிக்க முடியாது. கீழே இருக்கும்போதே படம் எடுத்து, இந்த எண்களைத் தாளில் எழுதுங்கள்:

- விஓசி: எதிலும் இணைக்காமல் வெயிலில் சும்மா கிடக்கும்போது வரும் வோல்ட். கன்ட்ரோலரின் எல்லையோடு ஒப்பிட வேண்டியது இதைத்தான்.
- விஎம்பி: முழு வாட் தரும்போது இருக்கும் வோல்ட். விஓசியைவிட ஐந்தில் ஒரு பங்கு வரை குறைவாக இருக்கும்.
- ஐஎஸ்சி: ப்ளஸ்ஸும் மைனஸும் முட்டினால் ஓடும் ஆம்பியர்.
- ஐஎம்பி: முழு வாட் தரும்போது ஓடும் ஆம்பியர்.
- அதிகபட்ச சீரிஸ் ஃப்யூஸ்: பெரும்பாலும் 15, 20 அல்லது 25 ஆம்பியர்.

விஓசியின் வெப்பக் குணகம் லேபிளில் இல்லாவிட்டால் டேட்டா ஷீட்டில் இருக்கும். மோனோ பெர்க் பேனல்களில் டிகிரிக்கு 0.27 சதவீதம் அளவிலும், பழைய பாலி பேனல்களில் 0.3 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். முன்னால் மைனஸ் குறி போட்டிருப்பார்கள். சூடு ஏறினால் வோல்ட் இறங்கும், சூடு இறங்கினால் வோல்ட் ஏறும் என்பதுதான் அதன் பொருள்.

நம் திருநெல்வேலிப் பக்கத்துக் கடைகளில் அதிகம் கிடைப்பவை மூன்று வகை. 36 செல் உள்ள சின்ன பேனல், விஓசி 22 வோல்ட் அளவில். 72 செல் உள்ள 335 வாட் பாலி, விஓசி 46, ஐஎஸ்சி 9.3 அளவில். 144 அரைச் செல் உள்ள 540 வாட் மோனோ, விஓசி 49.5, ஐஎஸ்சி 13.85 அளவில். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், உங்கள் கணக்குக்கு உங்கள் லேபிளை எடுங்கள்.

"இருபத்துநாலு வோல்ட் பேனல்" என்று கடைக்காரர் சொன்னால் அதை 24 என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். 24 வோல்ட் பேட்டரிக்கு ஏற்ற பேனல் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதன் விஓசி 46 முதல் 50 வரை இருக்கும்.

2. கன்ட்ரோலரில் பார்க்க வேண்டியவை

100/20 என்று போட்டிருந்தால் முதல் எண் பேனல் பக்கம் தாங்கும் அதிகபட்ச வோல்ட், இரண்டாவது பேட்டரிப் பக்கம் தரும் அதிகபட்ச ஆம்பியர். 150/35, 250/60 எல்லாம் இதே முறைதான். பேனல் பக்கம் எவ்வளவு ஐஎஸ்சி வரை மாட்டலாம் என்பது வேறு எண், கையேட்டில்தான் இருக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எம்பிபிடி என்று அட்டையில் அச்சடித்து ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு விற்பவற்றில் பெரும்பாலானவை உள்ளே வெறும் பிடபிள்யூஎம், அதாவது வோல்ட்டை மாற்றித் தராத எளிய வகை. கையில் எடுத்தாலே தெரியும், எடை இருக்காது. உள்ளே காயில் இல்லாமல் எம்பிபிடி வேலை செய்யாது, காயில் இருந்தால் கனக்கும். பேனல் வோல்ட் எல்லை 50 என்று போட்டிருப்பதும் இன்னொரு அடையாளம்.

இந்த 50 வோல்ட் கன்ட்ரோலரில் 540 வாட் பேனல் ஒன்றை மாட்டுவது நம் பக்கம் அடிக்கடி நடக்கிற தப்பு. 49.5 ஐம்பதுக்குள் அடங்கிவிட்டது என்று நினைப்பார்கள். அடங்கவில்லை, காரணம் அடுத்த பகுதியில். போதாக்குறைக்கு பிடபிள்யூஎம் பேனலைப் பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்துவிடும். 12 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் 13 ஆம்பியரை பதின்மூன்றரை வோல்ட்டால் பெருக்கினால் வருவதுதான் உங்களுக்குக் கிடைக்கும், சுமார் 175 வாட். 540 வாட்டுக்குக் காசு கொடுத்து மூன்றில் ஒரு பங்கை வாங்குகிற வியாபாரம்.

3. மழை விட்ட வெயிலுக்குக் கணக்குப் போடுங்கள்

லேபிளில் உள்ள விஓசி, செல்லின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. திருநெல்வேலி வெயிலில் பேனல் எங்கே 25 டிகிரியில் இருக்கிறது என்று கேட்கலாம். மத்தியானம் இருக்காது. காற்று 38 டிகிரி அடிக்கும்போது பேனல் 65 டிகிரியைத் தொடும். அந்த நேரத்தில் 540 வாட் பேனலை மீட்டர் வைத்து அளந்தால்:

49.5 × (1 − 0.0027 × 40) = 44.2 வோல்ட்

இரண்டை சீரிஸில், அதாவது ஒன்றின் ப்ளஸ்ஸை அடுத்ததின் மைனஸில் கோர்த்துப் போட்டால் 88 வோல்ட். மாட்ட வந்தவர் மத்தியானம் அளந்துவிட்டு, "நூறுக்கு இன்னும் பன்னெண்டு வோல்ட் மிச்சம் கிடக்கு அண்ணாச்சி" என்பார். மீட்டர் பொய் சொல்லவில்லை, அளந்த நேரம்தான் தப்பு.

தை மாதத்து விடியலில் பாளையங்கோட்டையில் காற்று 20 டிகிரியை ஒட்டி இறங்கும். மேகமில்லாத இரவில் பேனலின் கண்ணாடி காற்றைவிட இன்னும் சில டிகிரி குளிர்ந்துவிடும், காலையில் அதன் மேல் பனி பூத்திருப்பதைப் பார்க்கலாம். ஆனால் விடியலில் வெயில் சாய்ந்து மெலிதாக இருப்பதால் வோல்ட் முழுதாக எட்டாது. அதற்காக ரொம்பவும் குறைந்துவிடாது. வெயில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே வோல்ட் பத்தில் ஒன்பது பங்கு வந்துவிடும். ஆம்பியர்தான் வெயிலோடு ஏறி இறங்கும், வோல்ட் அப்படி இல்லை.

உண்மையான ஆபத்து, குளிர்ந்த பேனலில் முழு வெயில் திடீரென்று விழும்போதுதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டி நின்று, மேகம் விலகி சுள்ளென்று வெயில் அடிக்கிறதே, அந்த நேரம். பேனல் நனைந்து மழைநீரின் சூட்டில்தான் இருக்கும். மேகத்தின் ஓரத்திலிருந்து தெறிக்கும் ஒளியும் சேர்ந்து, சாதாரண மத்தியான வெயிலைவிடக்கூட அதிகமாக விழும். ஆனி, ஆடியில் தென்காசி, கடையம், பாபநாசம் பக்கம் சாரலுக்கும் வெயிலுக்கும் நடுவே ஒரு நாளில் பல தடவை இது நடக்கும். அதே நேரத்தில் பேட்டரி நிறைந்து கன்ட்ரோலர் எதையும் எடுக்காமல் நின்றிருந்தால் பேனலின் வோல்ட் விஓசிக்கே போய் உட்காரும்.

இதற்கு மேல் லேபிளிலேயே ஒரு நெளிவு உண்டு. விஓசிக்குப் பக்கத்தில் கூடக்குறைய 3 சதவீதம் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். 49.5 என்று எழுதியது 51 ஆகவும் வரலாம், அது கம்பெனியின் குற்றம் ஆகாது.

சமவெளிக்கு 15 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போடுவோம்:

49.5 × 2 = 99 வோல்ட்
குளிருக்கு: 99 × (1 + 0.0027 × 10) = 101.7 வோல்ட்
லேபிள் நெளிவு 3 சதவீதம் சேர்த்தால்: 104.7 வோல்ட்

நூறு வோல்ட் கன்ட்ரோலர் தாங்காது. இது தினமும் நடக்கும் என்று சொல்லவில்லை. ஐந்து வருடத்தில் ஒருநாள் நடந்தாலும் கன்ட்ரோலர் போய்விடும் என்பதுதான் விஷயம்.

ஒவ்வொரு தடவையும் இவ்வளவு கணக்கு வேண்டாம் என்றால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம், தென்காசி சமவெளிக்கு, சீரிஸில் உள்ள பேனல்களின் விஓசியைக் கூட்டி 1.10ஆல் பெருக்குங்கள். மாஞ்சோலை, கோதையாறு மாதிரி மலை உயரத்துக்கு 1.15. வரும் எண் கன்ட்ரோலரின் எல்லைக்குக் கீழே இருக்க வேண்டும். சமமாக வந்தாலும் வேண்டாம்.

4. கீழ் எல்லையும் உண்டு

வோல்ட் கூடக் கூடாது என்ற பயத்தில் ரொம்பக் குறைத்துவிடுவதும் நடக்கிறது. கன்ட்ரோலர் கெடாது, ஆனால் சார்ஜ் ஏறாது. பரவலாக விற்கும் சில எம்பிபிடி கன்ட்ரோலர்கள், பேனல் வோல்ட் பேட்டரியைவிட 5 வோல்ட் அதிகம் வந்தால்தான் வேலையைத் தொடங்கும். தொடங்கிய பிறகு 1 வோல்ட் அதிகம் இருந்தால் போதும்.

36 செல் பேனல் ஒன்றை 12 வோல்ட் பேட்டரிக்கு எம்பிபிடி வழியாக மாட்டினால் என்ன ஆகும்? விஎம்பி 18 வோல்ட். சித்திரை வெயிலில் 65 டிகிரியில் அது 15 வோல்ட்டாக இறங்கும். வயரில் ஒரு வோல்ட் போனால் 14. டியூபுலர் பேட்டரிக்கு 14.4 வரை ஏற்ற வேண்டும். அதனால் வெயில் கொளுத்தும் நாளில்தான் பேட்டரி நிறையாது. பேனல் கெட்டுப்போனது என்று திருப்பிக் கொண்டுபோவார்கள். இரண்டு 36 செல் பேனலை சீரிஸில் போட்டால், 44 வோல்ட்டோடு பிரச்சினை தீர்ந்தது. ஒரே ஒரு 36 செல் பேனல்தான் இருக்கிறது என்றால் அதற்கு எம்பிபிடி தண்டச்செலவு, நல்ல பிடபிள்யூஎம் போதும்.

5. சீரிஸா, பேரலலா: நான்கு கணக்குகள்

சீரிஸில் வோல்ட் கூடும், ஆம்பியர் மாறாது. பேரலலில் (ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ்) ஆம்பியர் கூடும், வோல்ட் மாறாது.

12 வோல்ட் இன்வெர்ட்டர், ஒரு 150 ஏஎச் பேட்டரி, 335 வாட் பேனல், 100/20 கன்ட்ரோலர்: ஒரு பேனல் 46 × 1.10 = 50.6, தாராளம். இரண்டாவது பேனல் சேர்க்க நினைத்தால், சீரிஸில் 92 × 1.10 = 101.2, கூடாது. பேரலலில் போடலாம், ஐஎஸ்சி 18.6 ஆகும், கன்ட்ரோலர் அதைத் தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள். ஆனால் பேட்டரியையும் கேட்க வேண்டும். 150 ஏஎச் டியூபுலருக்கு 15 ஆம்பியர் நல்ல அளவு, 20க்கு மேல் ஏற்றினால் சூடாகித் தண்ணீர் சீக்கிரம் வற்றும். ஒரு பேட்டரிக்கு ஒரு பேனலே போதும்.

24 வோல்ட், இரண்டு 540 வாட் பேனல்: 100 வோல்ட் கன்ட்ரோலரில் சீரிஸ் கூடாது என்று பார்த்துவிட்டோம். பேரலலில் ஐஎஸ்சி 27.7 வரும், 100/20 பத்தாது, 100/30 வேண்டும். 150/35 வாங்கினால் சீரிஸில் 108.9, நிம்மதியாக ஓடும். விலை வித்தியாசத்தில் ஒரு பகுதியை வயரிலேயே மிச்சம் பிடிக்கலாம், அடுத்த பகுதியில் சொல்கிறேன். என்னைக் கேட்டால் இங்கே 150 வோல்ட்தான். பேட்டரி இரண்டும் 150 ஏஎச் என்றால் கன்ட்ரோலரில் சார்ஜ் ஆம்பியரை 20க்குக் குறைத்து வைக்க மறக்காதீர்கள். மூன்றாவது பேனலையும் அதே சீரிஸில் கோர்த்தால் லேபிள் கணக்கு 148.5 வரும். 150க்குள் இருக்கிறது என்று ஆசை காட்டும். 1.10ஆல் பெருக்கினால் 163.

48 வோல்ட், 250 வோல்ட் கன்ட்ரோலர்: 540 வாட்டில் நான்கு வரை சீரிஸ், 217.8. ஐந்து போட்டால் 272.

எல்லை 500 வோல்ட் உள்ள ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கும் இதே கணக்குத்தான். ஒன்பது பேனல் 490, சரி. பத்து பேனல் லேபிளில் 495, கணக்கில் 544.

பழைய பேனலோடு புதியதைக் கலக்காதீர்கள். 335 வாட்டையும் 540 வாட்டையும் சீரிஸில் போட்டால் 540ம் 9 ஆம்பியரில் அடங்கிவிடும். வோல்ட் வேறான பேனல்களைப் பேரலலில் போட்டாலும் நட்டம்தான். பழையதற்குத் தனி கன்ட்ரோலர் வைத்து அதே பேட்டரியில் சேர்ப்பது சுத்தமான வழி.

லேபிள் அழிந்துபோன செகண்ட் ஹேண்ட் பேனல் வாங்கியிருந்தால், உச்சி வெயிலில் அரை மணி நேரம் காயவிட்டு விஓசியை அளந்து 0.88ஆல் வகுங்கள். லேபிளில் இருந்திருக்க வேண்டிய எண் ஏறக்குறைய கிடைக்கும். அதன் மேல்தான் 1.10.

6. வயர், ஃப்யூஸ், எம்சிபி

பேனலிலிருந்து கன்ட்ரோலர் வரை 25 மீட்டர் தூரம் என்று வையுங்கள். போக வர 50 மீட்டர். 4 சதுர மி.மீ. செம்பு வயர், வெயிலில் சூடான நிலையில், கால் ஓம் தடை தரும். இரண்டு 540 வாட் பேனல் பேரலலில் 26 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே ஆறரை வோல்ட் போய்விடும். வெயில் நேரத்தில் விஎம்பியே 36 வோல்ட் அளவுதான் என்பதால் ஆறில் ஒரு பங்குக்கு மேல் நட்டம். அதே இரண்டும் சீரிஸில் இருந்தால் 13 ஆம்பியர், மூன்றேகால் வோல்ட், மொத்தம் 71 வோல்ட்டில். நட்டம் ஐந்து சதவீதத்துக்குக் கீழ். பேரலலில் இதே அளவுக்குக் கொண்டுவர 16 சதுர மி.மீ. வயர் வேண்டும்.

வீட்டு வயரிங் வயரை மாடியில் ஓட்டாதீர்கள். நம் வெயிலில் அதன் மேல்தோல் இரண்டு மூன்று கோடையில் வெடித்துவிடும். இரட்டைத் தோல் உள்ள, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியில் செய்த சோலார் டிசி கேபிள்தான் வேண்டும். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. இரண்டும் கறுப்பாக மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் என்றாவது ஒருநாள் யாராவது மாற்றிச் சொருகுவார்கள்.

ஃப்யூஸ் எப்போது? சீரிஸில் கோர்த்த பேனல்களை ஒரு வரிசை என்போம். ஒரு வரிசை அல்லது பேரலலில் இரண்டு வரிசை என்றால் வரிசைக்கு வரிசை ஃப்யூஸ் கட்டாயமில்லை. மூன்று வரிசை ஆனால் கட்டாயம். ஒரு பேனலில் ஷார்ட் ஆனால் மற்ற இரண்டும் சேர்ந்து அதற்குள் ஆம்பியரைத் திருப்பி அடிக்கும், அதன் வயர் அதற்கு ஆனதல்ல. அளவு: ஐஎஸ்சி × 1.56. ஐஎஸ்சி 9.3க்கு 14.5 வரும், 15 ஆம்பியர் ஃப்யூஸ். 13.85க்கு 21.6, ஆகவே 25. அது லேபிளில் உள்ள அதிகபட்ச ஃப்யூஸ் அளவைத் தாண்டக் கூடாது.

எம்சிபி டிசி எம்சிபியாகவே இருக்கட்டும். ஏசியில் மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுப்போவதால் சுவிட்சைப் பிரிக்கும்போது பொறி தானே அணையும். டிசியில் அணையாது, உள்ளேயே நின்று எரியும். டிசி எம்சிபியிலும் ப்ளஸ் மைனஸ் குறி போட்டவை உண்டு. அவற்றைத் திருப்பி மாட்டினால் அணைக்க வேண்டிய பொறியை அதுவே வளர்க்கும். குறி இல்லாத, எந்தப் பக்கமும் மாட்டக்கூடிய வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பேட்டரிப் பக்கம் தனி ஃப்யூஸ் வேண்டும், பேட்டரியிலிருந்து ஒரு அடிக்குள். 30 ஆம்பியர் கன்ட்ரோலருக்கு 40 ஆம்பியர், வயர் 10 சதுர மி.மீ.

7. வாங்கும்போது: தாள்களும் செலவும்

பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் பேனலின் சீரியல் எண்கள் இருக்கட்டும். டேட்டா ஷீட், வாரண்டி அட்டை, கன்ட்ரோலர் கையேடு மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். பேனலில் பிஐஎஸ் முத்திரை, ஐஎஸ் 14286 எண் இருக்கிறதா பாருங்கள். பேனலுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் பழைய விகிதம் போட்டிருந்தால் கேளுங்கள்.

மின்வாரிய லைனோடு சேராமல் பேட்டரியை மட்டும் ஏற்றும் அமைப்புக்கு நெட் மீட்டர் தேவையில்லை. பிரதமரின் சூர்யா கர் மானியமும் இதற்குக் கிடையாது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்பது லைனோடு சேரும் கூரை சோலாருக்கு மட்டும். "மானியம் வாங்கித் தாரேன்" என்று பேட்டரி அமைப்பை விற்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சில்லறை விலை ஏறக்குறைய இப்படி: பேனல் வாட்டுக்கு 20 முதல் 30 ரூபாய், 4 சதுர மி.மீ. சோலார் கேபிள் மீட்டர் 40 முதல் 60, எம்சி4 (பேனல் வயர்களைச் சேர்க்கும் கனெக்டர்) ஒரு ஜோடி 60 முதல் 150, டிசி எம்சிபி 500 முதல் 1,000. இவை போக டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் 2,000 முதல் 4,000. கிளாம்ப் மீட்டரில் ஏசி மட்டும் அளப்பவை மலிவு, அவை இங்கே உதவாது. ஒருமுறை வேலைக்கு வாங்க மனமில்லை என்றால் வாடகைக்கோ இரவலுக்கோ வாங்குங்கள், அளக்காமல் மாட்டாதீர்கள்.

எம்சி4 ஆண், பெண் இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். வேறு வேறு கம்பெனி இரண்டும் சொருகும், டிக் என்று பூட்டும், உள்ளே தொடும் இடம் சரியாக இராது. இரண்டு கோடையில் உருகி நிற்கும்.

8. இணைக்கும் வரிசை

540 வாட் பேனல் இரண்டேகால் மீட்டருக்கு மேல் நீளம், 27 கிலோ அளவு எடை. ஆடிக் காற்றில் ஒற்றையாளாகத் தூக்காதீர்கள். மாசி, பங்குனி இந்த வேலைக்கு ஏற்ற காலம். பேனலைத் தூக்கி நிறுத்துவது காலையில், வயர் முடிப்பது சாயங்காலம், சோதனை மறுநாள் மத்தியானம் என்று பிரித்துக்கொண்டால் இரண்டு நாளில் முடியும்.

பேனலுக்கு சுவிட்ச் கிடையாது, வெளிச்சம் இருந்தால் வோல்ட் இருக்கும். 60 வோல்ட் டிசிக்கு மேல் உயிருக்கு ஆபத்து. வயர் வேலை செய்யும்போது பேனலைத் தடித்த தார்ப்பாயால் மூடுங்கள்.

அ. ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாக அளங்கள். மீட்டரின் சிவப்பு வயர் வோல்ட் துளையில் இருக்கிறதா, 10 ஆம்பியர் துளையில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். ஆம்பியர் துளையில் வைத்து வோல்ட் அளந்தால் அது நேரடி ஷார்ட்.

ஆ. சீரிஸ்: முதல் பேனலின் ப்ளஸ்ஸை இரண்டாவதின் மைனஸில் சொருகுங்கள். மிஞ்சும் இரண்டு முனைதான் வெளியே போகிறவை. ஆண், பெண் கனெக்டரைப் பார்த்து ப்ளஸ், மைனஸ் முடிவு செய்யாதீர்கள், நீட்டிப்பு வயரை யாராவது மாற்றிப் போட்டிருக்கலாம். மீட்டரை நம்புங்கள்.

இ. சேர்த்த பிறகு எம்சிபிக்கு வந்த முனையில் அளங்கள். இரண்டு 540 வாட் சீரிஸ், மத்தியானம் என்றால் 88 முதல் 92க்குள் வர வேண்டும். 44 வந்தால் பேரலலாகிவிட்டது. சீரிஸில் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஒரு பேனல் தலைகீழ். பேரலலில் அப்படி வந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஷார்ட் அடித்துக்கொண்டிருக்கின்றன. உடனே பிடுங்காதீர்கள், தார்ப்பாயால் மூடிவிட்டுப் பிரியுங்கள்.

ஈ. கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி. அது 12ஆ 24ஆ என்று பேட்டரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். திரையில் பேட்டரி வோல்ட் சரியாக வந்த பிறகு பேனல் எம்சிபியைப் போடுங்கள்.

உ. கழற்றும்போது தலைகீழ் வரிசை: முதலில் பேனல், பிறகு பேட்டரி. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வருகிறவர் பேனலை நிறுத்தாமல் பேட்டரி வயரைக் கழற்றுவார். இந்த வரிசையை ஒரு அட்டையில் எழுதி கன்ட்ரோலர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது எம்சி4ஐப் பிரிக்கவே கூடாது. எம்சிபியை இறக்கிவிட்டுத்தான்.

9. எர்த்தும் இடியும்

பேனல் சட்டம், ஸ்டாண்ட் இரண்டையும் எர்த் குழிக்கு இணையுங்கள். பேனல் சட்டத்தில் எர்த் குறி போட்ட துளை இருக்கும். அலுமினியத்தின் மேல்பூச்சைக் கிழிக்கும் பல் வாஷர் போடாவிட்டால் தொடர்பே இருக்காது. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலிலும் நாங்குநேரிப் பக்கத்துப் பாறைத் தரையிலும் குழி காய்ந்துவிடும், கோடையில் தண்ணீர் விட வேண்டும். உவரி, இடிந்தகரை கரையோரத்தில் துரு தின்னும். அங்கே போல்ட்டெல்லாம் ஸ்டெயின்லெஸ் போடுங்கள்.

டிசி எஸ்பிடி (இடியால் திடீரென்று ஏறும் வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பும் கருவி) ஒன்று கன்ட்ரோலருக்கு முன்னால் வையுங்கள். அதன் வோல்ட் அளவு நீங்கள் மூன்றாம் பகுதியில் போட்ட கணக்கைவிட அதிகமாக இருக்க வேண்டும். பேனலின் மைனஸ் வயரை எர்த்தில் சேர்ப்பது வேறு விஷயம், கையேடு சொல்லாமல் செய்யாதீர்கள். ப்ளஸ் பொதுவாக உள்ள கன்ட்ரோலர்களில் பேனல் மைனஸையும் பேட்டரி மைனஸையும் எர்த்தில் சேர்த்தால், கன்ட்ரோலரைச் சுற்றி வழி போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

10. மாட்டிய பிறகு பார்க்க வேண்டியவை

முதல் வாரம், காலை எட்டு மணிக்கும் மழை விட்ட வெயிலிலும் திரையில் பேனல் வோல்ட்டைப் பாருங்கள். ஓடும்போது 75, 80 என்று காட்டுவது விஎம்பி, அது எதையும் நிரூபிக்காது. பேட்டரி நிறைந்து ஃப்ளோட்டுக்கு (நிறைந்ததை அப்படியே தக்கவைக்கும் நிலைக்கு) போன பிறகு காட்டுவதுதான் கணக்கு. சில கன்ட்ரோலர்கள் அன்றன்றைய அதிகபட்ச பேனல் வோல்ட்டைச் சேமித்து வைக்கும். வாரண்டிக்குக் கொண்டுபோனால் கம்பெனியும் அதைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கும். கார்த்திகை முடிந்ததும் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லையில் 95 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் சீரிஸில் ஒரு பேனலைக் கழற்றிப் பேரலலுக்கு மாற்றும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எம்சி4, எம்சிபி முனைகளை ஒரு மணி நேரம் முழு வெயிலில் ஓடிய பிறகு புறங்கையால் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அதன் திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது கிரிம்ப் (வயர் முனையை நசுக்கிப் பிடித்த இடம்) சரியில்லை. மாட்டிய ஒரு மாதத்தில் எல்லாத் திருகையும் ஒருமுறை இறுக்க வேண்டும், செம்பு அமுங்கி இடம் கொடுத்திருக்கும்.

நிழலைப் பார்க்க ஒரே நாள் போதாது. நம் ஊரில் மார்கழியில் மத்தியானச் சூரியன் தெற்கே சாயும், ஆனியில் வடக்கே போகும். வடக்கில் இருக்கும் தண்ணீர் டேங்க் நிழல் தராது என்று வைத்திருந்தால் ஆனி, ஆடியில் பேனலின் மேல் ஏறும். பேனலின் மூன்றில் ஒரு பகுதி மறைந்தாலே அந்தப் பேனலின் வோல்ட்டில் மூன்றில் ஒன்று போய்விடும். கீழ் எல்லையை ஒட்டி மாட்டியவர்களுக்கு அந்த நேரத்தில் கன்ட்ரோலர் நின்று நின்று ஓடும். டேங்கை நகர்த்த முடியாது, பேனலை இரண்டு அடி தெற்கே தள்ளி மாட்டுங்கள்.